பதினான்கு பிசிறுகள்

போன செவ்வாய்க்கிழமை பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். திருவேற்காடு தாண்டியிருக்கும். எனக்கு முன் சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தோளில் ஓர் அந்துப்பூச்சி. விளக்கைச் சுற்றுமே, அந்த ஜாதி.

பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த தினசரியைச் சுருட்டினார். ஓங்கினார்.

நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்!

“இன்னாய்யா?” என்றார்.

“வாணாங்க… அது பாட்டுக்குக் குந்திகினு கீது. உட்ருங்க.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தூங்கியவர் விழித்துக்கொண்டு, “என் தோள்ல இன்னா கீது? இன்னா கீது?” என்று பதறி எழுந்தார். அந்த அமளியில் பூச்சி ஜன்னல் வழியாகப் போய்விட்டது. நான் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். அவ்வளவு வெட்கம்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். சலூனில் ஒரு பக்கம் அதிகமாக வெட்டிவிட்டாலும் ‘நல்லாருக்கு’ என்று தலையாட்டிவிட்டு வருகிறவன். அப்படிப்பட்டவன் முன்பின் தெரியாத மனிதரின் கையைப் பிடிக்கலாமா?

காரணம் இன்னொரு பூச்சி. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். எண்பதுகளின் கடைசியில், ஒரு மழைக்கால ஆரம்பத்தில், அது என் வாழ்க்கைக்குள் வந்து உட்கார்ந்தது.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தேன். ஐந்தாவது படித்தவனுக்கு இன்ஸ்பெக்ஷனா என்று கேட்காதீர்கள். லேத்தில் கடைந்து வரும் சிறிய இரும்பு வளையங்களை வெர்னியர் அளவுகோலால் அளக்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை டேக். தப்பாக இருந்தால் சிவப்பு. ஓரத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, டீபர்ரிங் என்போம், பிறகு அளக்க வேண்டும். எத்தனை பிசிறு எடுத்தோம் என்று பேடில் எழுத வேண்டும். எண் தெரிந்தால் போதும். கண் இருந்தால் போதும்.

முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. நான் ஐந்தரைக்கே போய்விடுவேன். கும்பலோடு நுழைந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்ற பயம்தான், வேறு என்ன?

சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி மேற்குப் பக்கத்து மதில். அதன் மேலே ஒரு டியூப்லைட். தண்ணீர்த் தொட்டி வழிந்து வழிந்து, அந்த மதில் எப்போதும் ஈரமாக, பாசி பிடித்துக் கிடக்கும். விடியும் நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து ஈரக் காற்று வரும். மெஷின்கள் இன்னும் ஓட ஆரம்பித்திருக்காது. அந்த அரை மணி நேரம் எஸ்டேட் முழுக்க ஏதோ தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தோன்றும். விளக்கைத் தேடி வந்த பூச்சிகள் சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மரப்பட்டை நிறத்தில் ஒன்று. தங்கப் பொடி தூவினாற்போல் ஒன்று. நான் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நிற்பேன். யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை. நானும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

அப்படி ஒரு காலையில்தான் அதைக் கண்டேன். சிறகு புகை படிந்த சிம்னிக் கண்ணாடி மாதிரி. அதன் வழியாகச் சுவர் தெரிந்தது. தலையில் இரண்டு மீசைகள், சீப்புப் பற்கள்போல் நுணுக்கமாக. விளக்கு அணைந்ததும் அந்தச் சிறகுக்குள் காலை வெளிச்சம் புகுந்துகொண்டது. பூச்சி இருக்கிறதா, பூச்சியின் நிழல் மட்டும் இருக்கிறதா என்று சந்தேகமே வந்துவிட்டது.

என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அளந்தேன்.

தொடாமல்தான். வெர்னியரின் இரண்டு தாடைகளையும் காற்றில் நிறுத்தி அளந்தேன் — பதினொன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர். பழைய இன்ஸ்பெக்ஷன் பேடின் பின்பக்கத்தில் தேதி, ஷிஃப்ட், அளவு, நிறம் எல்லாம் எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். பழக்கம்!

அடுத்தடுத்த நாட்களிலும் அந்த ஜாதி வந்தது. ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் இரண்டு. வேறு எந்தச் சுவரிலும் இல்லை. நானும் எழுதிக்கொண்டே வந்தேன்.

சுவர் சுத்தமாக இல்லாததுதான் ஒரே தொந்தரவு. மணலும் பாசியும் சேர்ந்த துணுக்குகள், அரிசி நீளத்துக்கு, அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே பூச்சி உட்கார்ந்தால் வெர்னியரைக் கொண்டுபோக முடியவில்லை. இன்ஸ்பெக்ஷன்காரன் கை சும்மா இருக்குமா? ஸ்டீல் ஸ்கேலால் சுரண்டி எடுத்துவிட்டேன். அதையும் எழுதினேன்: ‘சுவர் பிசிறு 3. எடுக்கப்பட்டது.’

என் பக்கத்து பெஞ்சில் சேவியர் வேலை பார்த்தார். எனக்கு நேர் எதிரான மனிதர். வாயை மூடினால் காய்ச்சல் வந்துவிடும். ஒரு நாள் என் பேடைப் புரட்டிவிட்டார்.

“இன்னா மாமே இது? ‘சிறகு, புகை நிறம், அளவு சரி.’ எந்த ஜாப்ல மாமே சிறகு வருது? ஏரோபிளேன் ஆர்டர் எதுனா புட்ச்சிட்டாங்களா?”

சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. அவர் மனைவி ரோஸ்லின் ஒரு காலேஜில் விலங்கியல் பாடம் எடுப்பவர். “எங்க ஊட்டுக்காரி இதைப் பாத்தா உன்னை உடமாட்டா மாமே. ஞாயித்துக்கிழமை பூசை முட்ச்சிட்டு வந்துருவோம். நீ வந்துரு” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டு வாசலை இரண்டு முறை தாண்டிப் போனேன். மூன்றாம் முறை சேவியரே வெளியே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கையில் பேடு, சட்டைப் பையில் தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் பஞ்சின் மேல், முதல் நாள் சுவரடியில் செத்துக் கிடந்த ஒரு பூச்சி.

ரோஸ்லின் மேடம் அதை லென்ஸில் வைத்துப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வந்தார். மறுபடி பார்த்தார். டீ ஆறிப்போனது.

“அண்ணே, இது எங்க கிடைச்சது?”

“எஸ்டேட்ல… மதில்ல மேடம்.”

“இது அபூர்வமான ஜாதிண்ணே. இந்தப் பக்கத்துல பார்த்ததா நான் படிச்சதே இல்லை. பெரிய இடத்துக்கு அனுப்பிக் கேட்கணும். ஆனா அவங்க ஒண்ணு கேப்பாங்க. உங்க எஸ்டேட்டுக்கு எங்கெங்கிருந்தோ லாரி வருது. லோடோட வந்ததா, இங்கயே பிறந்து வாழுறதான்னு கேப்பாங்க. பொண்ணைக் காட்டினாத்தான் நம்புவாங்க.”

“பொண்ணு பாக்கணும்ன்றா மாமே! பூச்சிக்கு!” என்றார் சேவியர்.

மேடம் விளக்கினார். பறப்பது எல்லாம் ஆண். பெண்ணுக்குச் சிறகே கிடையாது. புழுவாக இருக்கும்போதே தன் மேல் ஒரு சின்னப் பை நெய்துகொள்ளும். அதற்குள்ளேயே இருந்துவிடும். ஆண்தான் தேடி வர வேண்டும். “மணலும் பாசியும் ஒட்டின பைண்ணே. அரிசி மாதிரி இருக்கும். சுவரிலேயே நீட்டிக்கிட்டு…”

நான் பேடைப் பிரித்தேன்.

அவர் முன் வைத்து, விரலால் காட்டினேன். பிசிறு மூன்று. பிசிறு ஐந்து. பிசிறு இரண்டு. பிசிறு நான்கு. அவர் உதடு அசைய அசையக் கூட்டினார்.

“பதினாலு” என்றார்.

சேவியர்தான் பெருமூச்சு விட்டார். “அடப்பாவி மாமே. ஒரு குடும்பத்தையே டீபர்ரிங் பண்ணிட்டியே.”

சிரிக்க வேண்டிய பேச்சுதான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஊருக்குள் அபூர்வமாக ஒன்று வந்து குடியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவனும் நான், அழித்தவனும் நான். அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே போய்ச் சுவரைத் தடவித் தடவித் தேடினேன். சுத்தமான சுவர். அவ்வளவு சுத்தமாக எந்த வேலையையும் நான் செய்ததில்லை. கடைசியில் தொட்டிக்குப் பின்னால், என் ஸ்கேல் போகாத ஓர் இடுக்கில்… மூன்று இருந்தன. மூன்றே மூன்று பைகள். குனிந்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அப்பாடா என்று நிமிர்ந்தால், கேட்டுப் பக்கம் வெள்ளையடிக்கும் முனுசாமி வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை அந்த வாரம். எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயுத பூஜை என்றால் மெஷினிலிருந்து மதில்வரை எல்லாம் பளபளவென்று ஆகிவிட வேண்டும். அன்று முழுக்க முனுசாமி மதிலில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே வருவார். மத்தியானத்துக்குள் தொட்டியருகே வந்துவிடுவார்.

மேனேஜரிடம் சொன்னால் நிறுத்தலாம். சொல்ல வேண்டும். வாயைத் திறந்து சொல்ல வேண்டும்!

எட்டு மணிக்கு அவர் கேபின் வாசலில் நின்றேன். “என்ன ஏழுமலை?” என்றார். “ஒண்ணுமில்ல சார்.” பத்து மணிக்கு மறுபடி நின்றேன். “என்னப்பா, லீவா?” “இல்ல சார்.” வந்துவிட்டேன். ஒரு பூச்சிக்காகச் சுவரை அடிக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது? ஒத்திகை பார்த்த வார்த்தையெல்லாம் அந்தக் கதவருகே போனதும் ஆவியாகிவிட்டது.

பெஞ்சுக்குத் திரும்பினேன். டேக் பெட்டி கண்ணில் பட்டது. பச்சை, சிவப்பு… மஞ்சள்.

மஞ்சள் என்றால் ஹோல்டு. சரியா தப்பா என்று சந்தேகம் இருந்தால் போடுவது. மஞ்சள் டேக் தொங்குகிற பொருளை, போட்டவன் எடுக்கும்வரை ஒருவரும் தொடக் கூடாது. முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் சட்டம்.

எழுதினேன். கொண்டுபோய்த் தொட்டிக்குப் பின்னால் ஆணியில் கட்டினேன்.

அரை மணியில் முனுசாமியின் குரல் ஷெட்டுக்குள் கேட்டது. “இன்னா நைனா, செவுத்துக்கெல்லாம் மஞ்சா சீட்டு கட்டிகினு கீறீங்க? போன வருசம் இத மாறி ஒரு பொட்டி மேல பெயின்ட் அட்ச்சிட்டு நான் வாங்குன திட்டு போதும். யாரு கட்னது, வந்து சொல்லுங்கப்பா!”

மேனேஜர் வந்தார். லேத்துக்காரர்கள் வந்தார்கள். அவர் டேக்கைப் பிடித்துச் சத்தமாகப் படித்தார்.

“‘காரணம்: உள்ளே பெண் இருக்கிறது. பிள்ளைகள் வெளியே வரும்வரை தொட வேண்டாம்.’”

கொல்லென்று சிரிப்பு. “செவுத்துக்குள்ள பொண்ணா? எந்த ஊட்டுப் பொண்ணு அண்ணாத்தே?” என்று ஒரு குரல்.

“யார் போட்டது?” என்றார் மேனேஜர்.

சேவியர் என்னைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்.

“நான்தான் சார்.”

பிறகு நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பைக்குள்ளேயே பிறந்து பைக்குள்ளேயே சாகும் பெண்ணைப் பற்றி. கண்ணாடிச் சிறகோடு அவளைத் தேடி வரும் ஆணைப் பற்றி. அதற்குச் சாப்பிட வாய்கூட இல்லை, ஓரிரு நாள்தான் ஆயுசு என்பது பற்றி. ரோஸ்லின் மேடம் சொன்னது பாதி, நான் சுவரில் பார்த்தது பாதி. பேசி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் பேன்ட்டைச் சற்று இழுத்துவிட்டுக் குந்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“அழுக்கு மாதிரித்தான்ய்யா தெரியுது.”

“ஆமா சார். நானும் அப்டித்தான் நெனச்சேன்.”

“நெனச்சு?”

“பதினாலு சுரண்டிட்டேன் சார்.”

அவர் எழுந்தார். “ஹோல்டு போட்டது இன்ஸ்பெக்ஷன். ரிலீஸ் பண்ண வேண்டியதும் இன்ஸ்பெக்ஷன்தான். நான் கை வைக்கமாட்டேன். முனுசாமி, தொட்டி பின்னாடி விட்டுடு.”

“ஒரு பொடவ அகலம் கருப்பா தெரியுமே சார், பூஜைக்கு அசிங்கமா இருக்காது?” என்று முனகினார் முனுசாமி. ஆனால் போன மனிதர் இரண்டு சாக்குகளோடு திரும்பி வந்து, அந்த இடத்துக்குத் திரை போலக் கட்டினார். “சுண்ணாம்பு தெறிக்கும் நைனா. பொண்ணுக்குக் கண்ணு எரியப்போவுது.”

பூஜை முடிந்து இரண்டாம் நாள் விடிகாலை. மழை தூறி ஓய்ந்திருந்தது. புதுச் சுண்ணாம்பில் மதில் முழுக்க வெளிச்சம். அதன் ஓரத்தில் அந்தக் கருப்புப் பட்டை, யாரோ பாதியில் விட்ட கனவுபோல. சாக்கை விலக்கினேன்.

ஓர் ஆண் பூச்சி வந்திருந்தது. சிறகுகள் நிற்காமல் நடுங்கின. அது ஒவ்வோர் இடமாக நின்று, திரும்பி, வாசனையைப் பிடித்து நடந்தது. நடுவிலிருந்த பையைக் கண்டுகொண்டது. அதைப் பற்றிக்கொண்டு, தன் உடம்பை நீட்டி, பையின் வாய்க்குள் செலுத்தி அசைவற்று நின்றது. உள்ளே ஒருத்தி இருக்கிறாள். அவள் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. இந்த ஆகாயம், இந்த ஏரிக் காற்று, எஸ்டேட், ஆயுத பூஜைத் தோரணம்… எதையும் அவள் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் எல்லாம் அவளிடம் வந்து நின்றாற்போல் இருந்தது. நானும்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சங்கு ஊதியது எனக்குக் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அன்று லேட் பஞ்ச்.

சில வாரம் கழித்து அந்தப் பையிலிருந்து தூசி கொட்டியது. தூசி நடந்தது! கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத புழுக்கள், நூலில் இறங்கி, பாசியில் கால் பதித்து, அன்றைக்கே ஆளுக்கொரு சட்டை தைக்கத் தொடங்கிவிட்டன. அதன் பிறகு காலிப் பையை மட்டும் எடுத்துத் தீப்பெட்டியில் வைத்தேன். மஞ்சள் டேக்கை அவிழ்த்துக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் அதை ஃபைலில் போட்டுக்கொண்டார்.

ரோஸ்லின் மேடம் என் பேடை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தார். ஓர் இடத்தில் பேனா நின்றது.

“அண்ணே, இந்தப் பிசிறு கணக்கை விட்டுடட்டுமா? படிக்கிறவங்க உங்களைத் தப்பா நினைப்பாங்க.”

விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இன்ஸ்பெக்ஷனில் ஒன்று உண்டு. எடுத்ததை எழுதாமல் விட்டால் மற்ற அளவுகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

“எழுதிடுங்க மேடம்” என்றேன்.

பூச்சி, பை, கடிதம் எல்லாம் வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயின. பல மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த ஜாதிதான். அபூர்வம்தான். இங்கேயே வாழ்கிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. ஏன் தெரியுமா? ஒரே சுவரில், தேதிவாரியாக, அத்தனை பைகள் இருந்ததற்கு எழுத்து ஆதாரம் இருக்கிறதாம். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். ஆண் புழுவும் பை கட்டும், அந்தப் பதினான்கும் பெண்தானா? ‘தெரியாது’ என்று எழுதச் சொன்னேன். இன்றுவரை தெரியாது.

நாம் அழுக்கு என்று துடைத்துப் போடுவதில் பெயர் தெரியாத உயிர்கள் எத்தனையோ?

பூச்சியின் நீளமான பெயரை இங்கே நான் எழுதவில்லை. தப்பாக எழுதிவிடுவேன். ஆனால் அவர்கள் அதை ஒரு சின்ன ஆங்கிலப் பத்திரிகையில் அச்சிட்டார்கள். கேன்டீனில் சேவியர் அதைத் தூக்கிப் பிடித்து, “மாமே பேரு இங்கிலீசுல வந்துகீதுடா!” என்று கத்தினார். ஆங்கிலம் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அன்று மாலை சேவியர் வீட்டில் ரோஸ்லின் மேடம் விரல் வைத்துக் காட்டினார். பூச்சியின் பெயர், அதன் கீழே ஊர், அதன் கீழே என் பெயர், அதன் கீழே ஒரு வரி.

இத்தனை வாரமாக என் எழுத்தைப் படிக்கிறீர்கள். அச்சில் வந்த என் முதல் வரி எது என்று தெரியுமா? ‘பதினான்கு எடுக்கப்பட்டன.’